பாடத்துக்குள் அறமா, அறத்துக்கொரு பாடமா?

கணினி அறிவியல் மாணவர்களுக்கு அறவியல் சொல்லித்தர வேண்டுமா என்று அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் இப்போது அதிகம் கேட்பதில்லை. வேண்டும் என்று ஒப்புக்கொண்டாயிற்று. எங்கே வைத்துச் சொல்லித்தருவது என்பதில்தான் வழக்கு. அல்காரிதம், ஆப்பரேட்டிங் சிஸ்டம், மெஷின் லேர்னிங் என்று ஏற்கெனவே நடக்கும் பாடங்களுக்கு உள்ளேயே அதை நுழைப்பது ஒரு வழி. தனிப் பாடம், தனி ஆசிரியர், தனி மதிப்பெண் என்று நடத்துவது இன்னொரு வழி. முதல் வழிக்கு ஹார்வர்டு பேர்போனது, இரண்டாவதற்கு ஸ்டான்ஃபோர்டு. இரண்டு ஆண்டு இடைவெளியில் தொடங்கிய இவ்விரு முயற்சிகளையும் அருகருகே வைத்துப் பார்த்தால், எது உயர்ந்தது என்ற கேள்வியைவிடப் பயனுள்ள ஒன்று கிடைக்கிறது: எந்த அறக்கேள்வியை எந்த வகுப்பில் கேட்க வேண்டும் என்பதற்கான ஓர் அளவுகோல்.

வழக்கின் பின்னணி

1970களின் நடுவில் வால்டர் மேனர் என்ற தத்துவ ஆசிரியர், மருத்துவ அறவியல் வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தபோது, கணினி நுழைந்த இடங்களில் பழைய அறச்சிக்கல்கள் புது வடிவம் எடுப்பதைக் கவனித்தார். ‘கணினி அறவியல்’ என்று பெயரிட்டு அதைத் தனியாக நடத்தத் தொடங்கினார். 1985இல் டெபோரா ஜான்சன் இத்துறைக்கான பாடநூலை எழுதினார். அதே ஆண்டு ஜேம்ஸ் மூர் எழுதிய கட்டுரை, கணினி புதுப்புதுச் செயல்களைச் சாத்தியமாக்கும் வேகத்துக்கு விதிகள் ஈடுகொடுப்பதில்லை, அந்த இடைவெளியில் எழும் கேள்விகளே இத்துறையின் பொருள் என்று வரையறுத்தது. 1991இல் கணினித் துறையின் தொழில்முறை அமைப்புகளான ஏசிஎம், ஐஇஇஇ இரண்டும் சேர்ந்து வெளியிட்ட மாதிரிப் பாடத்திட்டத்தில் சமூக, அறவியல் விஷயங்களுக்கும் இடம் ஒதுக்கப்பட்டது. ஆக, பாடம் இருந்தது. ஆனால் பல துறைகளில் அது ஓர் ஓரத்தில், மற்ற பாடங்களோடு ஒட்டாமல் இருந்தது.

2016 முதல் 2018 வரை அடுத்தடுத்து வந்த செய்திகள் அந்த ஓரத்தை நடுவுக்கு இழுத்தன. கைதானவர் மீண்டும் குற்றம் செய்வாரா என்று கணிக்க அமெரிக்க நீதிமன்றங்கள் பயன்படுத்திய காம்பஸ் என்ற மென்பொருளை 2016 மே மாதம் புரோபப்ளிகா செய்தி நிறுவனம் ஆய்வுக்கு உட்படுத்தி, அது கருப்பினத்தவரிடம் பாரபட்சம் காட்டுவதாகச் சொன்னது. 2018 தொடக்கத்தில் ஜாய் புவோலம்வினியும் டிம்னிட் கெப்ருவும் முகத்தை வைத்து ஆண், பெண் பாலினத்தைக் கணிக்கும் வணிக மென்பொருள்களைச் சோதித்தார்கள். வெளிர்நிற ஆண்களிடம் அதிகபட்சப் பிழை 0.8 சதவீதம், கருநிறப் பெண்களிடம் 34.7 சதவீதம் வரை போனது. அதே ஆண்டு மார்ச்சில் கேம்பிரிட்ஜ் அனலிட்டிகா விவகாரம் வெடித்தது. அதில் 8 கோடியே 70 லட்சம் பேர் வரையிலானோரின் தகவல்கள் முறைகேடாகப் பகிரப்பட்டிருக்கலாம் என்று ஃபேஸ்புக்கே சொன்னது. இத்தகைய மென்பொருள்களை உருவாக்கியவர்கள் நல்ல கல்லூரிகளில் நல்ல மதிப்பெண் வாங்கிய பொறியாளர்கள். அவர்கள் படித்த பாடத்திட்டத்தைக் கேள்வி கேட்காமல் இருக்க முடியவில்லை.

ஹார்வர்டு: ஒவ்வொரு பாடத்திலும் ஒரு வகுப்பு

ஹார்வர்டில் ‘எம்பெடட் எதிக்ஸ்’ என்ற திட்டம் 2017இல் தொடங்கியது. அதை முன்னெடுத்தவர்கள் இருவர். பார்பரா கிராஸ் செயற்கை நுண்ணறிவு ஆய்வில் பல பத்தாண்டு அனுபவம் உள்ளவர். அலிசன் சிம்மன்ஸ் தத்துவப் பேராசிரியர். தனிப் பாடத்தின் மீது அவர்கள் வைத்த குறை எளிமையானது. அறவியலைத் தனியே பிரித்து வைத்தால், முதலில் ‘உண்மையான’ வேலையை முடித்துவிட்டு நேரம் இருந்தால் யோசிக்க வேண்டிய விஷயம் அது என்ற எண்ணம் மாணவரிடம் பதிந்துவிடும்.

அதனால் அவர்கள் அமைத்த ஏற்பாடு இது: வழக்கமான கணினிப் பாடம் ஒன்றில் ஒன்று அல்லது இரண்டு வகுப்புகள் அறவியலுக்கு ஒதுக்கப்படும். அந்த வகுப்பைத் தத்துவத்துறையின் ஆய்வு மாணவரோ, முனைவர் பட்டம் பெற்ற இளம் ஆய்வாளரோ எடுப்பார். என்ன தலைப்பு என்பதை அவரும் பாடத்தின் பேராசிரியரும் சேர்ந்து முடிவு செய்வார்கள். வகுப்பை ஒட்டி ஒரு பயிற்சிப் பணியும் உண்டு. தலைப்பு அந்தப் பாடத்தின் தொழில்நுட்பத்திலிருந்தே முளைக்க வேண்டும் என்பதுதான் முக்கிய விதி. நெட்வொர்க் பாடம் என்றால் ஃபேஸ்புக்கில் பரவும் பொய்ச்செய்தியும் தணிக்கையும். ரோபோ பாடம் என்றால் இயந்திரமும் மனித உழைப்பும். பயனர் இடைமுக வடிவமைப்பு என்றால், வடிவமைப்பு யாரை வெளியே தள்ளுகிறது என்ற கேள்வி.

கடைசியில் சொன்னதைத் தமிழ் வாசகருக்கு விளக்கவே தேவையில்லை. ‘முதல் பெயர்’, ‘குடும்பப் பெயர்’ என்று இரண்டு கட்டங்கள். இரண்டையும் நிரப்பாமல் அடுத்த பக்கம் போக முடியாது. அப்பா பெயரின் முதலெழுத்தை இனிஷியலாகக் கொண்ட ஒருவர் இரண்டாம் கட்டத்தில் என்ன எழுதுவார்? சிலர் அப்பா பெயரை எழுதுவார்கள். சிலர் ஊர்ப் பெயரை. சிலர் தம் பெயரையே இரண்டு முறை எழுதுவார்கள். ஒற்றை எழுத்தை இட்டால் ‘குறைந்தது இரண்டு எழுத்து வேண்டும்’ என்று சிவப்பில் எச்சரிக்கை வரும். விமான டிக்கெட்டில் ஒரு பெயர், பாஸ்போர்ட்டில் இன்னொரு பெயர் என்று ஆகிவிட்டால் கவுன்ட்டரில் நின்று விளக்கம் சொல்ல வேண்டும். அந்தப் படிவத்தை எழுதியவருக்கு யார் மீதும் வன்மம் இல்லை. தன்னைப் போன்றவர்களே உலகம் என்று நினைத்து, அந்தக் கட்டத்தைக் கட்டாயம் என்று ஒரே சொல்லில் குறித்திருக்கிறார். இதைக் கண்டுபிடிக்கத் தத்துவ நூல் வேண்டாம். படிவம் எழுதச் சொல்லித்தரும் அதே வகுப்பில், ‘இதை நிரப்ப முடியாதவர் யார்?’ என்று ஒருவர் கேட்டால் போதும். ஹார்வர்டு முறையின் பலம் முழுவதும் அந்த ‘அதே வகுப்பில்’ என்பதில்தான் இருக்கிறது.

ஸ்டான்ஃபோர்டு: மூவர் நடத்தும் ஒரு பாடம்

ஸ்டான்ஃபோர்டில் 2019 குளிர்காலப் பருவத்தில் புதுவடிவம் பெற்ற பாடம் சிஎஸ் 182. அறவியல், பொதுக்கொள்கை, தொழில்நுட்ப மாற்றம் ஆகிய மூன்றும் அதன் தலைப்பிலேயே உண்டு. நடத்தியவர்களும் மூவர். ராப் ரைக் அரசியல் தத்துவ அறிஞர். மெஹ்ரான் சஹாமி கணினி அறிவியல் பேராசிரியர். கூகுளில் வேலை பார்த்தவர். ஸ்பேம் மின்னஞ்சலை வடிகட்டும் தொடக்ககால ஆய்வுகளில் பங்குள்ளவர். ஜெரமி வைன்ஸ்டைன் அரசியல் அறிவியலாளர். ஒபாமா அரசில் பணியாற்றியவர். கூகுளை உள்ளிருந்து பார்த்தவர், அரசை உள்ளிருந்து பார்த்தவர், இரண்டையும் வெளியே நின்று விசாரிப்பவர் என்ற இந்தச் சேர்க்கையே பாடத்தின் போக்கைச் சொல்லிவிடுகிறது.

பருவம் முழுவதும் சில பெரிய பகுதிகளாகப் பிரிந்திருந்தது: அல்காரிதம் எடுக்கும் முடிவுகள், தரவும் தனியுரிமையும், தானியங்கி அமைப்புகள், தனியார் தளங்களின் அதிகாரம். மாணவர்கள் நிரலும் எழுத வேண்டும், தத்துவக் கட்டுரையும் எழுத வேண்டும், அரசுக்குச் சமர்ப்பிப்பதுபோல் கொள்கைக் குறிப்பும் எழுத வேண்டும். அந்த அனுபவத்திலிருந்து மூவரும் சேர்ந்து எழுதிய ‘சிஸ்டம் எரர்’ என்ற நூல் 2021இல் வெளிவந்தது. தொழில்நுட்ப நிறுவனங்களின் போக்கைச் சரிசெய்யப் பொறியாளரின் தனிமனித நேர்மை மட்டும் போதாது, ஜனநாயக அமைப்புகளும் சட்டமும் தலையிட வேண்டும் என்பதே நூலின் வாதம். பாடத்தின் சாரமும் அதுதான்.

ஹார்வர்டு மாணவரைப் பார்த்து ‘நீ எழுதும் நிரலில் என்ன செய்வாய்?’ என்று கேட்கிறது. ஸ்டான்ஃபோர்டு ‘இதை முடிவு செய்ய நீ யார்? யார் முடிவு செய்ய வேண்டும்?’ என்று கேட்கிறது. இரண்டும் ஒரே கேள்வியின் இரு பக்கங்கள் என்று சமாதானம் சொல்லிவிடலாம். ஆனால் ஒன்றுக்குப் பதில் தெரிந்தவருக்கு மற்றதற்கும் தெரிந்திருக்கும் என்பதில்லை. இரண்டு எடுத்துக்காட்டுகளைச் சற்று அருகே சென்று பார்ப்போம்.

பதில் நிரலுக்குள் இருந்தபோது

தெராக்-25 என்பது புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு சிகிச்சை தரும் இயந்திரம். கனடாவின் அரசு நிறுவனமான ஏஇசிஎல் தயாரித்தது. 1985 முதல் 1987 வரை அமெரிக்காவிலும் கனடாவிலும் ஆறு நோயாளிகள் அதனால் அளவுக்கு மீறிய கதிர்வீச்சுக்கு ஆளானார்கள். அவர்களில் குறைந்தது மூவர் அதனால் இறந்தார்கள். முந்தைய மாடலான தெராக்-20இல் ஆபத்தைத் தடுக்கத் தனி வன்பொருள் பூட்டுகள் இருந்தன. புதிய மாடலில் அவற்றை எடுத்துவிட்டு, பாதுகாப்பை மென்பொருளிடம் ஒப்படைத்தார்கள். பழைய நிரலின் பகுதிகளை அப்படியே பயன்படுத்தினார்கள்.

1986இல் டெக்சாஸ் மாநிலம் டைலர் நகரில், எலக்ட்ரான் சிகிச்சைக்கு ‘இ’ என்று தட்ட வேண்டிய ஆபரேட்டர் பழக்கதோஷத்தில் ‘எக்ஸ்’ என்று தட்டிவிட்டார். தவறைக் கண்டு, கர்சரை மேலே கொண்டுபோய்ச் சட்டெனத் திருத்தினார். காந்தங்கள் நிலைகொள்ள எடுத்துக்கொள்ளும் எட்டு விநாடிக்குள் அந்தத் திருத்தம் முடிந்துவிட்டதால், நிரலின் ஒரு பகுதிக்கு அது தெரியவே இல்லை. திரையில் ‘மால்ஃபங்ஷன் 54’ என்று மட்டும் வந்தது. அது என்ன பிழை, எவ்வளவு ஆபத்து என்று ஆபரேட்டருக்குப் புரியும்படி எதுவும் இல்லை. தொடரலாம் என்ற பொத்தான் மட்டும் இருந்தது, அதை அழுத்தினார்.

1987 ஜனவரியில் யாக்கிமா நகரில் நடந்த விபத்துக்குக் காரணம் இன்னும் சிறியது. ஒரே ஒரு பைட் அளவுள்ள மாறி. அதன் மதிப்பு பூஜ்யமாக இல்லாவிட்டால் இயந்திரம் ஒரு பாதுகாப்புச் சோதனையைச் செய்யும். அதற்கு ஏதேனும் ஒரு நிலையான மதிப்பை இட்டிருக்கலாம். நிரல் ஒவ்வொரு சுற்றிலும் அதில் ஒன்றைக் கூட்டியது. ஒரு பைட்டில் 255க்கு மேல் இடமில்லை. அடுத்த எண் பூஜ்யம். எனவே 256 சுற்றுக்கு ஒருமுறை சோதனை நடக்காமல் போனது. சரியாக அந்தக் கணத்தில் ஆபரேட்டர் பொத்தானை அழுத்தினால் கதிர் கட்டுப்பாடின்றிப் பாயும்.

இப்படி எண் நிரம்பி வழியும் ஓவர்ஃப்ளோ முதலாண்டு மாணவருக்கே தெரியும். டைலரில் நடந்ததைப் போல, ஒரே நேரத்தில் நடக்கும் இரு செயல்கள் ஒன்றோடொன்று மோதும் ரேஸ் கண்டிஷன் ஆப்பரேட்டிங் சிஸ்டம் பாடத்தின் முக்கியத் தலைப்பு. வழக்கமாக அதை வங்கிக் கணக்கில் இரண்டு பேர் ஒரே நேரத்தில் பணம் எடுப்பதாகச் சொல்லித்தருவார்கள். அதே இடத்தில் தெராக்-25ஐ வைத்தால் தொழில்நுட்பமும் குறையாது, பொறுப்பு என்ற சொல்லுக்கும் எடை வரும். பழைய நிரலைப் புதிய இயந்திரத்தில் இட்டபோது எதைச் சரிபார்த்திருக்க வேண்டும்? பிழைச்செய்தி யாருக்காக எழுதப்படுகிறது? இவற்றுக்குப் பதில் நிரல் எழுதும் மேசையிலேயே இருக்கிறது. இதைக் கொண்டுபோய் எட்டாம் செமஸ்டரில் ‘பொறியாளரின் கடமைகள்’ என்ற தலைப்பின் கீழ் நடத்தினால், மாணவர் அதை ஒரு சோகக்கதையாகக் கேட்டுக்கொள்வார். அவர் கை பழகுவது வேறு வகுப்பில் அல்லவா? இவ்வகைக் கேள்விகளில் ஹார்வர்டு வழியே சரி.

பதில் நிரலுக்கு வெளியே இருந்தபோது

காம்பஸ் அப்படிப்பட்டதல்ல. கைதானவர் மீண்டும் குற்றம் செய்யும் வாய்ப்பு எவ்வளவு என்று அந்த மென்பொருள் மதிப்பெண் போடுகிறது. ஃபுளோரிடா மாநிலம் புரோவார்டு கவுன்ட்டியில் 2013, 2014 ஆண்டுகளில் கைதான 7,000க்கும் மேற்பட்டோரின் மதிப்பெண்களைப் புரோபப்ளிகா ஆராய்ந்தது. பின்னர் குற்றம் செய்யாதவர்களில், கருப்பினத்தவர் 44.9 சதவீதம் பேருக்கும் வெள்ளையர் 23.5 சதவீதம் பேருக்கும் ‘ஆபத்தானவர்’ முத்திரை விழுந்திருந்தது. மென்பொருளை உருவாக்கிய நார்த்பாயின்ட் நிறுவனம் மறுத்தது: ஆபத்தானவர் என்று நாங்கள் சொன்னவர்களில் உண்மையில் குற்றம் செய்தவர் விகிதம் இரு இனங்களிலும் ஏறத்தாழ ஒன்றுதான்; இதில் பாரபட்சம் எங்கே?

இரு தரப்பும் சொன்ன எண்கள் சரியாகவே இருக்க முடியும் என்பதுதான் இதிலுள்ள சிக்கல். கற்பனையான சிறு எண்களில் போட்டுப் பார்க்கலாம். முதல் குழுவில் 100 பேர். பின்னர் குற்றம் செய்பவர் 50. இரண்டாம் குழுவிலும் 100 பேர். குற்றம் செய்பவர் 20. மென்பொருள் முதல் குழுவில் 50 பேருக்கு முத்திரை குத்துகிறது. அவர்களில் 40 பேர் குற்றம் செய்கிறார்கள். இரண்டாம் குழுவில் 20 பேருக்குக் குத்துகிறது. 16 பேர் செய்கிறார்கள். இரண்டிலும் முத்திரை 80 சதவீதம் சரி. குற்றம் செய்தவர்களில் பிடிபட்டவர்களும் இரண்டிலும் 80 சதவீதம். நிறுவனத்தின் கணக்கில் இது நூற்றுக்கு நூறு நியாயம். இப்போது குற்றமே செய்யாதவர்கள் பக்கம் வாருங்கள். முதல் குழுவில் அப்படிப்பட்ட 50 பேரில் 10 பேருக்கு முத்திரை: 20 சதவீதம். இரண்டாம் குழுவில் 80 பேரில் 4 பேருக்கு: 5 சதவீதம். தவறே செய்யாத ஒருவர் முதல் குழுவில் பிறந்திருந்தால், ஆபத்தானவர் என்று பெயரெடுக்கும் வாய்ப்பு நான்கு மடங்கு.

இது நிரல் பிழையல்ல, திருத்தவும் முடியாது. இரு குழுக்களின் அடிப்படை விகிதம் (குற்றம் செய்பவர் பங்கு) வேறாக இருந்து, கணிப்பும் முழுத் துல்லியமாக இல்லாதவரை, இந்த மூன்று வகை நியாயங்களையும் ஒரேசமயத்தில் அடைய முடியாது. ஜான் கிளைன்பெர்க் குழுவினரும் அலெக்சாண்ட்ரா சோல்டெசோவாவும் தனித்தனியே இதைக் கணிதமாக நிறுவினார்கள். ஏதாவது ஒன்றை விட்டுக்கொடுத்தாக வேண்டும்.

இதை மெஷின் லேர்னிங் பாடத்தின் நடுவே ஒரு வகுப்பில் நடத்தலாம்; கணக்கு நன்றாகவே புரியும். ஆனால் அந்தச் சூழலில் கேள்வி தானாகவே சுருங்கிவிடுகிறது: ‘எந்த நியாய அளவுகோலைத் தேர்ந்து மாடலைப் பயிற்றுவிப்பது?’ மாணவர் ஒன்றைத் தேர்ந்து, லைப்ரரியைக் கூப்பிட்டு, வேலையை முடிப்பார். எதை விட்டுக்கொடுப்பது என்பதை ஒரு பொறியாளர் தனியாக முடிவு செய்யலாமா? நீதிபதியா, சட்டமன்றமா, முத்திரை விழுந்தவரின் சமூகமா? அடிப்படை விகிதமே காவல்துறை எங்கே அதிகம் ரோந்து போகிறது என்பதைப் பொறுத்தது என்றால், அந்தத் தரவை ‘உண்மை’ என்று எடுத்துக்கொள்வது சரியா? இப்படிப்பட்ட முடிவை மென்பொருளிடம் விடவே கூடாது என்று சொல்லும் உரிமை யாருக்கு? இவை ஒரு மணி நேரத்தில் முடிகிறவை அல்ல. படிக்க வேண்டும், எதிர்த்தரப்பைக் கேட்க வேண்டும், எழுதிப் பார்க்க வேண்டும், எழுதியதை ஒருவர் திருத்தித் தர வேண்டும். அதற்கு ஒரு பருவம் தேவை. இங்கே ஸ்டான்ஃபோர்டு வழியே சரி.

இதே வரிசையில் 2015இல் அம்பலமான ஃபோக்ஸ்வேகன் மோசடியையும் சேர்க்கலாம். புகைச் சோதனை நடப்பதைக் கண்டுகொண்டு, அப்போது மட்டும் புகையைக் குறைத்துக்காட்டும் மென்பொருள் அது. அந்நிறுவனப் பொறியாளர் ஜேம்ஸ் லியாங்குக்கு 2017இல் அமெரிக்க நீதிமன்றம் 40 மாதச் சிறைத்தண்டனை விதித்தது. செய்வது தவறு என்று தெரியாமல் யாரும் அப்படி ஒரு மென்பொருளை எழுத முடியாது. தெரிந்தும் மறுக்க வழியில்லாத நிறுவனச் சூழல், மறுத்தால் காப்பாற்றும் சட்டம், மேலிடத்தின் பொறுப்பு என்று பேச ஆரம்பித்தால் விஷயம் நிரலை விட்டு வெகுதூரம் போய்விடுகிறது.

ஆசிரியர், மதிப்பெண், செலவு

நடைமுறையில் இரண்டு வழிகளுக்கும் வெவ்வேறு இடங்களில் இடறல். கணினிப் பேராசிரியருக்கு அறவியல் வாதம் நடத்தப் பயிற்சி இல்லை. தத்துவ ஆசிரியருக்கு, ரேஸ் கண்டிஷனைத் தடுக்கும் மியூடெக்ஸ் தெரியாது. ஹார்வர்டு இந்த இடைவெளியைத் தத்துவத்துறை ஆட்களைக் கணினி வகுப்புக்குள் அனுப்பி அடைத்தது. ஒவ்வொரு பாடத்துக்கும் ஆள் வேண்டும், தயாரிப்புக்கு நேரம் வேண்டும், இரு துறைகளும் மனமொத்துப் போக வேண்டும். பணமும் பேரும் உள்ள பல்கலைக்கழகத்தில் இது நடக்கும். ஸ்டான்ஃபோர்டு ஒரே மேடையில் மூன்று பேராசிரியர்களை நிறுத்தியது. அதுவும் செலவுதான், ஆனால் ஒரே இடத்தில் முடிந்துவிடும் செலவு.

மாணவரின் கணக்கு வேறு. சிஎஸ் 182 கணினி அறிவியல் மாணவர் எல்லோரும் கட்டாயம் எடுக்க வேண்டியதல்ல. பட்டியலிலுள்ள சில பாடங்களில் ஒன்று. ஏற்கெனவே அக்கறை உள்ளவர் அதைத் தேடி வருவார். அக்கறை இல்லாதவர் வேறொன்றை எடுத்து விலகிக்கொள்வார். ஹார்வர்டு முறையில் விலக வழியில்லை. டேட்டா சிஸ்டம்ஸ் படிக்க வந்தவர் தனியுரிமை பற்றியும் கேட்டுத்தான் ஆக வேண்டும். ஆனால் ஒரு பாடத்தின் இருபத்துச் சொச்சம் வகுப்புகளில் ஒரே ஒரு வகுப்பு என்றால், அன்று மட்டம் போட்டாலும் பெரிதாக ஒன்றும் குறையாது. பயிற்சிப் பணிக்கு மதிப்பெண் இருந்தால்தான் வகுப்பு நிற்கும்.

பலன் உண்டா என்பதைச் சோதித்துப் பார்த்தவர்கள் டொரன்டோ பல்கலைக்கழகத்தினர். ஹார்வர்டு பாணியைத் தமதாக்கிக்கொண்ட அவர்கள் 2022இல் வெளியிட்ட ஆய்வில், இவ்வகுப்புகளுக்குப் பின் அறவியலில் மாணவரின் ஆர்வமும், அதைக் கையாளும் தன்னம்பிக்கையும் கூடியிருந்தன. இவை மாணவரே தம்மைப் பற்றிச் சொன்னவை என்பதை மறக்கக் கூடாது. வேலைக்குப் போனபின் மேலாளர் கெடு வைக்கும்போது என்ன செய்தார்கள் என்பதை எந்தப் பருவத் தேர்வாலும் அளக்க முடியாது.

இந்த ஒப்பீட்டில் கவனிக்க வேண்டிய திருப்பம், ஸ்டான்ஃபோர்டே பின்னர் கணினிப் பாடங்களுக்குள் அறவியலைச் சேர்க்கும் திட்டத்தையும் தொடங்கியது என்பது. சிஎஸ் 182 தோற்றதால் அல்ல. அது செய்யாத வேலை ஒன்று மிச்சம் இருந்ததால்.

நம் பாடத்திட்டத்தில்

தமிழ்நாட்டுப் பொறியியல் கல்லூரிகளில் இந்தப் பாடம் இல்லை என்று சொல்ல முடியாது. அண்ணா பல்கலைக்கழகத்தின் 2017 ஒழுங்குமுறையில் ‘புரொஃபஷனல் எதிக்ஸ் இன் இன்ஜினியரிங்’ என்ற தாள், ஜிஇ 8076 என்ற எண்ணில் இருந்தது. ஐந்து அலகுகள்: மனித விழுமியங்கள், பொறியியல் அறவியல், சமூகச் சோதனையாகப் பொறியியல், பாதுகாப்பும் பொறுப்பும் உரிமையும், உலகளாவிய பிரச்சினைகள். முதல் அலகில் நேர்மை, துணிவு, பகிர்தல் என்று தொடங்கி யோகா, தியானம் வரை வந்துவிட்டது. கணினி அறவியல் எங்கே என்று தேடினால் கடைசி அலகில், பன்னாட்டு நிறுவனங்கள், சுற்றுச்சூழல் அறவியல், ஆயுத உருவாக்கம் ஆகியவற்றின் வரிசையில் இரண்டே சொற்களாகக் கிடைத்தது. சிவில் மாணவருக்கும் கம்ப்யூட்டர் சயின்ஸ் மாணவருக்கும் ஒரே தாள். கம்ப்யூட்டர் சயின்ஸ் மாணவருக்கு அவர் தொழிலே ஊறுகாய் அளவுக்குத்தான் பரிமாறப்பட்டது.

இது தனிப் பாட முறைதான். ஆனால் ஸ்டான்ஃபோர்டு வகையல்ல. அங்கே மாணவர் கொள்கைக் குறிப்பு எழுதுகிறார்; இங்கே வரையறை எழுதுகிறார். ஹார்வர்டு வழியைப் பின்பற்றலாமா என்றால் அதற்கும் இரண்டு தடைகள். பொறியியல் கல்லூரிகளில் தத்துவத்துறை கிடையாது. மனிதவியல் என்று பேருக்கு இருக்கும் துறையில் பெரும்பாலும் ஆங்கில ஆசிரியர்களே. இணைப்புக் கல்லூரியில் பாடம் நடத்துபவர் ஒருவர், கேள்வித்தாள் எடுப்பவர் வேறொருவர், திருத்துபவர் இன்னொருவர். தேர்வில் வராததை நடத்தினால் மாணவரே ‘இது சிலபஸ்ல இருக்கா சார்?’ என்று கேட்பார். அந்தக் கேள்வியில் குறும்பு இல்லை, நியாயம் இருக்கிறது.

ஆனால் அதே கட்டமைப்பில் ஒரு வாசலும் உண்டு. 2017 ஒழுங்குமுறையின் வினாத்தாளில் பத்து இரண்டு மதிப்பெண் கேள்விகள், ஐந்து பதின்மூன்று மதிப்பெண் கேள்விகள், கடைசியில் ‘பார்ட் சி’ என்று ஒரு பதினைந்து மதிப்பெண் கேள்வி. அந்தக் கடைசிக் கேள்வி பாடத்தைப் புதிய சூழலில் பயன்படுத்திப் பார்க்கச் சொல்வது. ஆப்பரேட்டிங் சிஸ்டம் தாளில் அது தெராக்-25ஆக இருக்கலாம். டிபிஎம்எஸ் (தரவுத்தளம்) தாளில், ஒரு மருத்துவமனையின் நோயாளி அட்டவணையைக் கொடுத்து, 2023இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய தனிநபர் டிஜிட்டல் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் நோக்கில் எந்தப் பத்தியைச் சேமிக்கவே கூடாது, எதை யார் பார்க்கலாம் என்று அதன் அமைப்பை (ஸ்கீமாவை) திருத்தச் சொல்லலாம். மெஷின் லேர்னிங் தாளில் மேலே போட்ட இரு குழுக் கணக்கையே கொடுக்கலாம். பதினைந்து மதிப்பெண் என்றால் மாணவர் படிப்பார். மாணவர் படிப்பார் என்றால் ஆசிரியர் நடத்துவார். தத்துவத்துறையை அமைக்கும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

எதை எங்கே வைப்பது

இரண்டையும் ஒப்பிட்டபின் கிடைக்கும் அளவுகோல் இதுதான்: முடிவு எடுக்கப்படும் இடத்தைப் பார்த்து வகுப்பைத் தீர்மானிக்க வேண்டும். நிரல் எழுதுபவரின் கையில் முடிவு இருந்தால் அந்தக் கேள்வி நிரல் வகுப்புக்கு உரியது. கட்டாயக் கட்டம், பிழைச்செய்தி, சேமிக்கும் தரவு, சோதிக்காமல் விட்ட பழைய நிரல் எல்லாம் அங்கே. நிறுவனத்திடமோ நீதிமன்றத்திடமோ சட்டமன்றத்திடமோ முடிவு இருந்தால், அல்லது இருக்க வேண்டும் என்றால், அது தனிப் பாடத்துக்கு உரியது. முதல் வகையைத் தனிப் பாடத்தில் வைத்தால் உபதேசமாகிவிடும். இரண்டாம் வகையைப் பாடத்துக்குள் திணித்தால், ஊர் கூடித் தீர்மானிக்க வேண்டியதை ஒரு பொறியாளர் தம் மேசையிலேயே தீர்த்துவிடலாம் என்ற நினைப்பை மாணவருக்குக் கொடுத்துவிடும். இந்த இரண்டாவது தவறுக்கே ஆபத்து அதிகம், ஏனென்றால் அது பார்க்க அக்கறை போலவே இருக்கும்.

இரண்டில் ஒன்றைத்தான் இப்போதைக்குச் செய்ய முடியும் என்ற நிலையில் உள்ள துறைத்தலைவர், பாடத்துக்குள் சேர்ப்பதிலிருந்து தொடங்கலாம். செலவு குறைவு, எல்லா மாணவருக்கும் போய்ச்சேரும், வினாத்தாள் அளவில் திருத்தினால் போதும். அப்படித் தொடங்கும்போது ஏற்கெனவே இருக்கும் தனித்தாளைத் தூக்கிவிடக் கூடாது. 2017 தாளின் ஐந்தாம் அலகில் இரண்டு சொல்லாக நின்றதை விரித்து, கம்ப்யூட்டர் சயின்ஸ் மாணவருக்கென்று தனியாக எழுதி, வரையறைக் கேள்விகளுக்குப் பதிலாக எழுத்துப் பணியை வைத்தால், பாடத்துக்குள் விடை கிடைக்காத கேள்விகளுக்கு அந்தத் தாள் உரிய இடமாகும்.